சபை ஊழியர்களுக்கான மத சுதந்திர சட்டப் பயிற்சி, திருநெல்வேலி: போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

திருநெல்வேலி பக்கம் சபை ஊழியர்களுக்கும் ஜெபவீடு நடத்துறவங்களுக்கும் ஒரு நாள் சட்டப் பயிற்சி நடத்துறாங்க, மத சுதந்திரம், மனசாட்சி உரிமைன்னு தலைப்பு, ஃபீஸ் 300 ரூபா, மதிய சாப்பாடும் ஒரு கையேடும் அதுலயே சேத்தி. நடத்துற அமைப்போட பேர வேணும்னே போடல, ஏன்னா கீழ சில குறையும் எழுதப்போறேன், சண்டை இழுக்குறது என் நோக்கம் இல்ல. இந்த மாதிரி பயிற்சி இப்ப நிறைய ஊர்ல நடக்குது, போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன். நான் ஒரு நர்ஸ், எங்க பெரியப்பா கிராமத்துல சின்னதா ஒரு ஜெபவீடு நடத்துறாங்க, அவங்களுக்குத் துணையா போனேன்.

முதல்லயே சொல்லிடுறேன், போங்க, கண்டிப்பா போங்க. நம்ம ஆளுங்க பயப்படுறதுல பாதி என்ன பேப்பர் வேணும், எது நம்ம உரிமை, எது இல்லன்னு தெரியாததாலதான், அந்த பாதி பயம் இந்த ஒரு நாள்ல போயிடுது.

காலைல ஆரம்பம் மட்டும் ரொம்ப லேட், ஒன்பதரைன்னு நோட்டீஸ்ல போட்டுட்டு பாட்டு, ஜெபம், வரவேற்புரை, சால்வை, அப்புறம் இன்னொரு சால்வைன்னு பத்தே முக்காலுக்கு மேலதான் விஷயத்துக்கே வந்தாங்க. ஜெபம் வேண்டாம்னு சொல்லல, ஆனா தூரத்துல இருந்து முதல் பஸ் புடிச்சு வர்ற ஊழியர்கள் இருக்காங்க, அவங்க சாயங்காலம் கேள்வி நேரத்துக்கு நிக்க முடியாம பஸ்ஸுக்கு ஓடினாங்க, சால்வைக்குப் போன நேரம் அவங்க கேள்விக்குப் போயிருக்கணும்.

முதல் வகுப்பு எடுத்தது ஒரு வக்கீல் அக்கா, இவங்களுக்காகவே 300 ரூபா குடுக்கலாம். எடுத்த எடுப்புல அரசியலமைப்பு 25வது பிரிவ வாசிச்சாங்க, மனசாட்சி சுதந்திரம், மதத்தை ஏத்துக்குறது, கடைப்பிடிக்கிறது, பரப்புறது எல்லாம் எல்லாருக்கும் உண்டு, ஆனா பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கெல்லாம் உட்பட்டுதான்னு நிறுத்தி நிதானமா சொன்னாங்க. இந்த உரிமைய யாரோ நமக்கு இனாமா குடுக்கல, அரசியலமைப்ப எழுதின அரசியல் நிர்ணய சபைல 1948 டிசம்பர் 6ஆம் தேதி பெரிய விவாதமே நடந்திருக்கு, பரப்புற உரிமைய எடுத்துடணும்னு சிலர் கேட்டிருக்காங்க, அப்ப எழுந்து பரப்புற உரிமைக்கு ஆதரவா பேசினவங்கள்ல பின்னாடி மத்திய நிதி அமைச்சரான நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருத்தர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரில படிச்சவர், நான் இத்தனை வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்கள்ல படிச்சேன், என்னை மதம் மாத்த யாரும் முயற்சி பண்ணலன்னும் இந்த உரிமை இந்துக்களுக்கும் ஆரிய சமாஜத்துக்கும் அதே அளவு இருக்குன்னும் சொல்லியிருக்காரு. லயோலா கல்லூரிய நடத்தின ஜெரோம் டிசூசா பாதிரியாரும் அந்த சபைல இருந்தாரு. பெரியப்பா என் காதுல மெல்ல, ஒரு ஐயங்கார் நமக்காகப் பேசியிருக்காரே இத இத்தன வருஷமா யாரும் நமக்கு சொல்லலையேன்னாங்க, எனக்கும் அதே ஆதங்கம்தான்.

உரிமைய மட்டும் சொல்லிட்டுப் போயிருந்தா இந்த ரிவ்யூவ நான் எழுதியிருக்கவே மாட்டேன், எல்லை எதுன்னும் அக்கா சொன்னாங்க. 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச், பரப்புற உரிமைன்னா உன் நம்பிக்கைய எடுத்துச் சொல்ற உரிமை, அடுத்தவன மாத்துற உரிமை இல்லன்னு சொல்லி ஒடிசாவோட 1967 மதமாற்றத் தடைச் சட்டத்தையும் மத்தியப் பிரதேசத்தோட 1968 சட்டத்தையும் செல்லும்னுட்டாங்க, இன்னைக்கு பத்துக்கும் மேற்பட்ட மாநிலத்துல மதமாற்றத் தடைச் சட்டம் இருக்குன்னா அதுக்கெல்லாம் அடித்தளம் அந்தத் தீர்ப்புதான். அப்புறம் நம்ம சென்னைலயே நடந்த வழக்கு ஒண்ணு, கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்பு சங்கம் ஒரு முழு நற்செய்தி சபை மேல ஒலிபெருக்கி சத்தத்துக்காகப் போட்டது, 2000ல சுப்ரீம் கோர்ட் சபைக்கு எதிரா சொல்லிடுச்சு, அடுத்தவன் அமைதியக் கெடுத்து மைக் வச்சு ஜெபம் பண்ணச் சொல்லி எந்த மதமும் சொல்லலன்னு. ஹால்ல சில முகம் சுருங்குச்சு. எனக்கு அந்த தீர்ப்பு ரொம்ப நியாயமாத் தெரியுது, நைட் டூட்டி முடிச்சு பகல்ல தூங்குற எனக்கு எந்த மதத்து ஸ்பீக்கரா இருந்தாலும் ஒண்ணுதான்.

இப்ப நான் இந்தப் பயிற்சில கத்துக்கிட்ட பெரிய விஷயத்துக்கு வர்றேன். பிஜோ இம்மானுவேல் வழக்கு. கோட்டயம் பக்கம் கிடங்கூர்ல 1985ல மூணு பிள்ளைங்க, ஸ்கூல்ல தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நிப்பாங்க ஆனா பாட மாட்டாங்க, யெகோவாவின் சாட்சிகள் குடும்பம், அவங்க நம்பிக்கைப்படி பாடக்கூடாது. ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க, கேரளா ஹைகோர்ட்ல தோத்துட்டாங்க, சுப்ரீம் கோர்ட்ல 1986 ஆகஸ்ட் 11ல நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதுறாரு, பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, எழுந்து நின்னதே மரியாதை, பிள்ளைங்கள திரும்பச் சேத்துக்கோங்கன்னு. நம்ம நாட்டுல மனசாட்சி உரிமைன்னு யார் கோர்ட்டுக்குப் போனாலும் முதல்ல தூக்குற தீர்ப்பு இது. சி.எஸ்.ஐ.யோ ஆர்.சி.யோ பெந்தேகோஸ்தேவோ, எங்க எல்லாருக்கும் யெகோவா சாட்சிகள்னா கள்ள உபதேசம், கதவத் திறக்காதன்னுதான் சொல்லி வளத்திருக்காங்க. அந்தக் கள்ள உபதேசக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க வாங்கிக் குடுத்த உரிமைலதான் நாம இன்னைக்கு நிக்கிறோம். அக்கா இதச் சொன்னப்ப ஹால்ல சத்தமே இல்ல.

அடுத்தது இமாச்சல் வழக்கு. அங்க 2006ல ஒரு சட்டம், மதம் மாற நினைக்கிறவன் 30 நாளைக்கு முன்னாடியே மாவட்ட நிர்வாகத்துக்கு நோட்டீஸ் குடுக்கணும், ஆனா தாய் மதத்துக்குத் திரும்புறவன் குடுக்க வேண்டாம். இந்திய சுவிசேஷ ஐக்கியம்னு நம்ம சபைகளோட கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, 1951ல ஆரம்பிச்சது, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கூடவே அன்ஹத்னு மத நல்லிணக்கத்துக்கு வேலை செய்யுற அமைப்பும் போச்சு, அது கிறிஸ்தவ அமைப்பே இல்ல. 2012 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் அந்த நோட்டீஸ் பிரிவ ரத்து பண்ணிடுச்சு, ஒருத்தனுக்கு நம்புற உரிமை மட்டுமில்ல, நம்பிக்கைய மாத்திக்குற உரிமையும் அத யாருக்கும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்குற உரிமையும் உண்டுன்னு. 2017ல அந்தரங்க உரிமை பத்தி ஒன்பது நீதிபதி பெஞ்ச் சொல்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு மலை மாநிலத்து கோர்ட் இதச் சொல்லியிருக்கு. ஆனா அதே இமாச்சல்ல 2019ல புதுசா இன்னொரு சட்டம் கொண்டு வந்து நோட்டீஸ் விதிய மறுபடி வச்சுட்டாங்க. ஒரு தடவ ஜெயிச்சுட்டா போதும்னு வீட்டுல உக்கார முடியாதுங்குறத அக்கா இந்த ஒரு கதைலயே புரிய வச்சுட்டாங்க. உத்தரப் பிரதேச நிலவரமும் சொன்னாங்க, அங்க 2024ல திருத்தம் பண்ணி சில குத்தத்துக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் வச்சிருக்காங்க, சம்பந்தமே இல்லாதவன்கூட புகார் குடுக்கலாம், இன்னொரு பக்கம் 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அதே மாநிலத்துல ஃபதேபூர்ல கூட்டமா மதம் மாத்தினாங்கன்னு போட்ட எஃப்ஐஆர்கள ரத்து பண்ணி, கிரிமினல் சட்டத்த அப்பாவிங்கள அலைக்கழிக்கிற கருவியாக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு.

இங்க ஒரு ஊழியர் எழுந்து, அப்ப நம்ம சபைய விட்டு ஒரு குடும்பம் வேற மதத்துக்குப் போனாலும் இதே உரிமைதானான்னு கேட்டாரு. ஆமாங்கய்யா, அதே உரிமைதான், ஒரு புள்ளி குறையாதுன்னு அக்கா சொன்னாங்க. அந்தப் பதில நம்ம சபைல எத்தன பேர் மனசார ஏத்துக்குவாங்க? வாலிபப் பையன் சபைக்கு வரலன்னா பேர் சொல்லி ஜெபம் பண்ணி அவமானப்படுத்துறோம், கல்யாணத்துக்கு ஞானஸ்நானத்த கண்டிஷனா வைக்கிறோம், அதெல்லாம் மனசாட்சி மேல கை வைக்கிறதுதான். அரசாங்கத்துக்கிட்ட நாம கேக்குற சுதந்திரத்த நம்ம வீட்டுக்குள்ள குடுக்கலன்னா நம்ம கோரிக்கைக்கு என்ன மதிப்பு இருக்கு?

மதியத்துக்கு முன்னாடி நடிச்சுக் காட்டுற பயிற்சி, ஒருத்தர் எஸ்.ஐ., ஒருத்தர் ஊழியர், நாலு பேர் கூட்டமா வந்து சத்தம் போடுறவங்க. இது சூப்பர், சிரிப்பா ஆரம்பிச்சு சீரியஸா முடிஞ்சுச்சு, ஏன்னா அங்க இருந்தவங்கள்ல சிலருக்கு இது நிஜமாவே நடந்திருக்கு. வாக்குவாதம் பண்ணாதீங்க, யாராவது ஒருத்தர் வீடியோ எடுங்க, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, புகார் குடுத்தா சிஎஸ்ஆர் ரசீதாவது, அதாவது புகார் வாங்கினதுக்கான ரசீதாவது வாங்காம ஸ்டேஷன விட்டு வராதீங்க, எஃப்ஐஆர் போட்டா காப்பி இலவசம், போட மாட்டேன்னா எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட், இது சிஆர்பிசிக்கு பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 173வது பிரிவுல இருக்கு. கைது பண்ணா காரணம் சொல்லியாகணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியாகணும். ஆராதனைய வேணும்னே கலைக்கிறது ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 300ன்படி குத்தம், பழைய ஐபிசி 296தான் அது, எந்த மதத்து வழிபாட்டுக்கும் பொருந்தும். இலவச சட்ட உதவிக்கு 15100ங்குற நம்பருக்கு போன் பண்ணலாம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் வருமானம் பாக்காமலே கிடைக்கும்.

ஜெபவீட்டுக்கு எதிர்ப்பு வந்தா தாசில்தார் இல்லன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கூப்பிடுற சமாதானக் கூட்டம் பத்தி சொன்னதுதான் எங்க பெரியப்பாவுக்கு ரொம்ப உதவுச்சு. நம்ம ஆளுங்க அங்க போய் எல்லாரும் சேந்து சொல்றாங்களேன்னு இனிமே இங்க கூட மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறாங்க, அப்புறம் எங்க போனாலும் அந்தப் பேப்பரத்தான் எடுத்து நீட்டுறாங்க. போங்க, மரியாதையா பேசுங்க, ஆனா வாசிக்காம கையெழுத்து வேண்டாம், நகல் கேளுங்க, யோசிக்க டைம் கேளுங்கன்னாங்க. கட்டடம் பத்தியும் சொன்னாங்க, கிராமத்துல பொது வழிபாட்டுக்கு கட்டடம் கட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு கட்டட விதியிலயே இருக்கு, வீட்டுல குடும்பமா ஜெபம் பண்றதும் வீட்டையே சபையா மாத்துறதும் சட்டத்தோட கண்ணுக்கு வேற வேற. நம்மாளுங்க நிறைய பேர் விசுவாசத்துல கட்டிட்டு அப்புறம் அனுமதிக்கு அலையுறாங்க, அந்தத் தப்ப அக்கா மழுப்பாம நேரா சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சாப்பாடு சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம், நல்லா இருந்துச்சு.

மதியம் முதல் வகுப்பு அரசாங்கக் கொள்கைல நாம எப்படி குரல் குடுக்கிறதுன்னு. 2002 கதைய முழுசா சொன்னாங்க, எனக்கு அப்ப சின்ன வயசு. ஜெயலலிதா அரசு அக்டோபர் 5ல கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் போட்டாங்க, மூணு வருஷம் ஜெயில் 50,000 ரூபா அபராதம், அதுவே பெண்கள், சிறுவர்கள், எஸ்சி எஸ்டின்னா நாலு வருஷம் ஒரு லட்சம். சபைகள் எல்லாம் சேந்து, முஸ்லிம் அமைப்புகளும் கூட சேந்து எதிர்த்தாங்க, அக்டோபர் 24ல சிறுபான்மையினர் நடத்துற பள்ளி கல்லூரி எல்லாம் மூடினாங்க, எஸ்றா சற்குணம் அய்யா மாதிரி தலைவர்கள் மேடை மேடையா பேசினாங்க, அப்படியும் மாசக் கடைசில அது சட்டமாயிடுச்சு. 2004 எம்.பி. தேர்தல்ல ஒரு சீட்டும் கிடைக்காம தோத்த பிறகு மே மாசம் அவங்களே வாபஸ் வாங்கினாங்க. இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஓட்டு பலம் மட்டும்னு அந்தப் பேச்சாளர் நிறுத்திட்டாரு, எனக்கு அது பத்தல. நாம மட்டும் தனியா கத்தியிருந்தா இது நடந்திருக்குமா, ஸ்கூல மூடினப்ப அந்த ஸ்கூல்ல படிச்ச இந்துப் பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட நம்ம பக்கத்த எப்படி விளக்கினோம், இதெல்லாம்தானே அடுத்த தடவைக்கு உதவும். எம்எல்ஏவுக்கு மனு எழுதுறது, சட்டசபை மனுக்கள் குழு, மாநில சிறுபான்மையினர் ஆணையம், ஒரு மசோதா வந்தா பிரிவு பிரிவா எடுத்து எது ஏன் தப்புன்னு ஒரே பக்கத்துல எழுதுறது, இதுக்கு மாதிரி கையேட்டுல இருக்கு, நல்ல மாதிரி. எங்க டேபிள்ல இருந்த ஒரு டீச்சர் அக்கா அத வச்சு அங்கயே ஒரு மனு எழுதிட்டாங்க.

இனி குறை. கடைசிக்கு முந்தி பேசின ஒருத்தர் சட்டத்த விட்டுட்டு இன்னொரு மதத்தக் கேலி பண்ற வீடியோவெல்லாம் போட்டுக் காட்ட ஆரம்பிச்சாரு, கைதட்டலும் கிடைச்சுச்சு. காலைல இருந்து அக்கா கட்டினத அரை மணி நேரத்துல இடிச்சாரு. ஒரு மதத்த வேணும்னே அவமதிக்கிறது குத்தம்னு சொல்ற பிஎன்எஸ் 299 என்னன்னு அப்பதான் படிச்சிருந்தோம், அந்த வீடியோவ யாராவது வாட்ஸாப்ல போட்டா நம்ம மேலயே பாயுற பிரிவு அது, அதுக்கும் மேல, மனுஷனுக்கு மனுஷன் செய்யக்கூடாத விஷயம். நடத்துறவங்க அவர அடுத்த தடவ கூப்பிடக்கூடாது, ஃபீட்பேக் ஃபார்ம்லயும் இதையே எழுதிக் குடுத்துட்டேன்.

இன்னொரு பெரிய குறை தலித் கிறிஸ்தவங்க விஷயம். அந்த ஹால்ல பாதிக்கு மேல அந்த மக்கள்தான், ஆனா அந்தப் பேச்சே வரல, ஒரு பெரியவர் கேட்டதுக்கு அது வேற சப்ஜெக்ட்னுட்டாங்க. எப்படி வேற சப்ஜெக்ட் ஆகும்? யார் எஸ்சின்னு சொல்ற 1950 ஜனாதிபதி உத்தரவு மூணாவது பாரா, இந்து, அப்புறம் 1956ல சீக்கியர், 1990ல பௌத்தர், இவங்க மட்டும்தான் எஸ்சி. ஒருத்தன் கிறிஸ்தவனான அன்னைக்கே எஸ்சி சான்றிதழ் போச்சு, வன்கொடுமை தடுப்புச் சட்டத்தோட பாதுகாப்பு போச்சு, இங்க பி.சி. லிஸ்ட்ல வச்சிருக்காங்க, ஆனா தெருவும் டீக்கடையும் அவனப் பழைய சாதியாத்தான் பாக்குது. கிறிஸ்தவனானாலும் எஸ்சி சலுகை வேணும்னு சூசைங்கிற செருப்புத் தொழிலாளி போட்ட வழக்குல 1985ல சுப்ரீம் கோர்ட் போதுமான ஆதாரம் இல்லன்னு தள்ளிடுச்சு, 2007ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அந்த பாராவ நீக்கச் சொல்லுச்சு, 2022ல இத ஆராய பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டாங்க, 2023 ஏப்ரல்ல தலித் கிறிஸ்தவங்களுக்கும் எஸ்சி உரிமை குடுக்கணும்னு நம்ம சட்டசபையே தீர்மானம் போட்டுச்சு, அந்த உத்தரவு வந்த நாளான ஆகஸ்ட் 10 ஆனா சபைங்க கறுப்பு தினம் அனுசரிக்குது. மனசாட்சிப்படி நடந்ததுக்கு விலை வைக்கிற சட்டம் இதவிட வேற என்ன இருக்கு? இதப் பேசாததுக்கு காரணம் எனக்குப் புரியுது, பேசினா அடுத்த கேள்வி சாதி பாத்துப் பிரிக்கிற நம்ம கல்லறைத் தோட்டத்து சுவர் பத்தி வரும், திருச்சி மேலப்புதூர் சுவர் பத்தி வரும், யார் பிஷப் ஆகலாம்ங்குறது பத்தி வரும். வரட்டும். அந்தப் பெரியவர் கேள்விக்கு ஒரு முழு வகுப்பு வைக்கிற கடமை நடத்துறவங்களுக்கு இருக்கு.

என் தொழில் சம்பந்தமாவும் ஒண்ணு கேட்டேன், பதில் கிடைக்கல. கருக்கலைப்புல கூட நிக்க மனசாட்சி இடம் குடுக்காத நர்ஸ் என்ன பண்ணலாம்? பிரிட்டன்ல 1967 கருக்கலைப்புச் சட்டத்துல நாலாவது பிரிவுல மறுக்க உரிமை எழுதியிருக்கு, உயிர் ஆபத்துன்னா அது செல்லாது, அதுலயும் 2014ல கிளாஸ்கோ மிட்வைஃப் ரெண்டு பேர் வழக்குல நேரா கை வச்சு செய்யுற வேலைக்கு மட்டும்தான் அந்த உரிமை, மேற்பார்வைக்கும் டூட்டி போடுறதுக்கும் இல்லன்னு அவங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல இருந்து அங்க எத்தன பிள்ளைங்க வேலைக்குப் போகுது. நம்ம நாட்டு 1971 கருக்கலைப்புச் சட்டத்துல அப்படி ஒரு பிரிவே இல்ல. என் நிலைப்பாடு என்னன்னா, மறுக்க உரிமை வேணும், ஆனா கஷ்டத்தோட வந்து நிக்கிற பொண்ண நடு வார்டுல விட்டுட்டுப் போற உரிமை யாருக்கும் இல்ல, வேற ஆள் வர்ற வரைக்கும் அவ நம்ம பொறுப்பு. இத ரெண்டையும் சேத்து எப்படி கொள்கையா எழுதுறதுன்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்கன்னு எதிர்பார்த்துத்தான் போனேன். டாக்டர், நர்ஸ், டீச்சர், கவர்மெண்ட் ஸ்டாஃப் இவங்களுக்கு தனியா ஒரு பயிற்சி போடலாம், நான் முதல் ஆளா பேர் குடுப்பேன்.

கையேடு பத்தி: விஷயம் அருமை, பிரிண்ட் பொடி எழுத்து, பெரியப்பாவால கண்ணாடி போட்டும் வாசிக்க முடியல, தமிழும் கோர்ட் தமிழா இருக்கு, மேற்படி, எதிர்மனுதாரர்னு. அக்கா பேசின தமிழ்லயே அத எழுதியிருந்தா போதும். பெண்களுக்கு டாய்லெட் ஒண்ணுதான் இருந்துச்சு, கியூ நீளம்.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருவேன், குறைச்ச ஒண்ணு தலித் கிறிஸ்தவங்க கேள்விக்கும் அந்த வீடியோவுக்கும். கிறிஸ்தவங்க இல்லாதவங்களும் போகலாம், யாரும் தடுக்கல, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. போறவங்க உங்க ஜெபவீட்டு பத்திரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ஏற்கனவே குடுத்த மனு, வாங்கின சிஎஸ்ஆர் எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, சாப்பாட்டு நேரத்துல அக்கா ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்து என்ன குறையுதுன்னு பேனாவால குறிச்சே குடுக்குறாங்க, தனி ஃபீஸ் கிடையாது.